எஸ்சி, எஸ்டி, ஓபிசி ஆய்வு மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை: பெறுவதற்கும் தக்கவைப்பதற்கும் ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் முதுகலை படித்த மாணவி ஒருவர் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தார். ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான மதிப்பெண் வரம்பை மட்டும் மயிரிழையில் தவறவிட்டிருந்தார். பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகைப் பட்டியலில் அவர் பெயர் கட்டாயம் வரும் என்று துறையில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம், வரவில்லை. விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அந்த உதவித்தொகைக்கும் தம்மைப் பரிசீலிக்க வேண்டுமா என்று கேட்டிருந்த இடத்தில் 'இல்லை' என்று குறிக்கப்பட்டிருந்தது. கணினி மையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த இளைஞருக்கு அது என்னவென்று தெரியாது. மாணவிக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை, நான் உட்பட.

அந்த ஒரு குறியின் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டு வாடகைப்படியையும் இதர செலவினத் தொகையையும் சேர்க்காமலேயே ஐந்து ஆண்டுகளுக்கு 24 லட்சம் ரூபாய். தினக்கூலிக் குடும்பத்திலிருந்து வந்து, முனைவர் பட்டம் வரை போவதா, ஏதாவது ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்துவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய 23 வயதில், அந்தத் தொகைதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்புகளில் நாட்டின் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் சுமார் 9 விழுக்காடாகவும் பழங்குடியினர் சுமார் இரண்டரை விழுக்காடாகவும் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் அவர்களின் பங்கு முறையே 16.6, 8.6 விழுக்காடு. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. ஆனால் பட்டமேற்படிப்புக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் இடையிலுள்ள ஐந்தாறு ஆண்டுகளைச் சோற்றுக்கு வழியோடு கடக்க முடியாமல் போவது அவற்றில் முக்கியமான ஒன்று என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் எவரும் மறுக்கமாட்டார்கள்.

எது யாருக்கு

2005-06இல் ராஜீவ் காந்தி தேசிய ஆய்வு உதவித்தொகை என்ற பெயரில் எஸ்சி, எஸ்டி இரு பிரிவினருக்கும் சேர்த்துத் தொடங்கிய திட்டம் இன்று இரண்டாகப் பிரிந்து, சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் எஸ்சி மாணவர்களுக்கும், பழங்குடியினர் நல அமைச்சகத்தின் கீழ் எஸ்டி மாணவர்களுக்கும் தனித்தனியே நடக்கிறது. எஸ்சி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2,000 புதிய இடங்கள். அவற்றில் 1,500 கலை, சமூக அறிவியல் துறைகளுக்கும் 500 அறிவியல் துறைகளுக்கும் உரியவை. தேர்வு முழுவதும் நெட் மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது: அறிவியல் பாடங்களுக்கு அறிவியல் ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆரின் நெட், மற்றவற்றுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் நெட். ஓபிசி மாணவர்களுக்கான திட்டமும் இதே வழியில் 1,000 இடங்களோடு இயங்குகிறது.

எஸ்டி மாணவர்களின் பாதை வேறு. 750 இடங்கள், நெட் கட்டாயமில்லை, முதுகலை மதிப்பெண்ணின் அடிப்படையில், பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தனி இணையதளம் வழியாக நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். முனைவர் பட்டப் பதிவு ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும் என்பதால், முதலில் உதவித்தொகை வரட்டும், பிறகு பதிவு செய்யலாம் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த மாணவர்கள் அதை விண்ணப்பத்தில் தவறாமல் குறிப்பிட வேண்டும். தேர்வில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு.

இங்கே நிதானமாகச் சொல்லவேண்டிய ஒரு செய்தி, கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றியது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களையும், 1956க்குப் பின் சீக்கியர்களையும், 1990க்குப் பின் பௌத்தர்களையும் மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. ஆகவே தாத்தா காலத்தில் மதம் மாறிய குடும்பத்தின் மாணவர், ஊரில் அதே சேரியில் அதே ஒதுக்குதலோடு வாழ்ந்தாலும், எஸ்சி உதவித்தொகைக்குத் தகுதியற்றவர். முன்பு இவர்களுக்கு ஒரு கதவு திறந்திருந்தது: 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை. சிறுபான்மைச் சமயத்தவருக்கான அந்தத் திட்டம், மற்ற திட்டங்களோடு ஒன்றின்மேல் ஒன்றாக அமைகிறது என்ற காரணம் காட்டப்பட்டு 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பெற்றுவந்தவர்களுக்குத் தொடரும் என்றார்கள், புதியவர்களுக்கு இல்லை. அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் வழிகாட்டியில் அதற்குமேல் வாதாடுவதால் பயன் இல்லை. இன்றைய நிலையில் கிறித்தவ ஆதிதிராவிட மாணவர் இரண்டு இடங்களில் தட்டலாம். தமிழ்நாட்டுக்கான ஒன்றிய ஓபிசி பட்டியலில் இவர்கள் இருப்பதால் ஓபிசி உதவித்தொகைக்கு முயலலாம். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது. அதில் கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் சமூகங்களைச் சேர்ந்த முஸ்லிம் மாணவர்களுக்கும் இப்போது ஓபிசி வழிதான்.

விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்பே தொடங்கவேண்டிய வேலை

முதுகலையின் இரண்டாம் ஆண்டில் செமினார், புராஜெக்ட், பிரிவு உபசார விழா என்று எல்லாம் இருக்கும். அந்த அவசரத்திலும் ஒரு கோப்பு வாங்கி, ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள். தேர்வில் வென்று ஆவணத்தில் தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பெயர். வடக்கே எழுதப்பட்ட எந்த மென்பொருளும் தமிழரின் முன்னெழுத்தைப் புரிந்துகொள்வதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மு. செல்வி', ஆதாரில் 'செல்வி முருகன்', வங்கிக் கணக்கில் 'எம். செல்வி', சாதிச்சான்றிதழில் 'செல்வி, தந்தை பெயர் முருகன்' என்று நான்கு இடத்தில் நான்கு விதமாக இருந்தால், மனிதக் கண்ணுக்கு அது ஒரே பெண். நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அது நான்கு பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்திவிடுவதே எளிய வழி. வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது மட்டும் போதாது; அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அதுவே பதிவாகியிருக்கிறதா என்று கிளையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். கல்லூரி நாளில் பழைய உதவித்தொகைக்காகத் தொடங்கி, பிறகு மறந்துபோன கணக்கொன்றில் பணம் போய் விழுந்து கிடந்த கதைகள் உண்டு.

அடுத்தது சாதிச்சான்றிதழ். எஸ்சி சான்றிதழை வட்டாட்சியர் தருவார். எஸ்டி சான்றிதழ் 1989 நவம்பர் 11 முதல் கோட்டாட்சியர் நிலையில் வழங்கப்படுகிறது. அதற்கு முன் வட்டாட்சியர் கொடுத்த சான்றிதழைப் பெற்றோர் பத்திரமாக வைத்திருந்தாலும், உங்கள் பெயரில் புதிதாக வாங்க வேண்டும். களவிசாரணை இருப்பதால் பல மாதங்கள் ஆகக்கூடும். காட்டுநாயக்கர், கொண்டாரெட்டி போன்ற சமூகத்துப் பிள்ளைகள் இந்த ஒரு தாளுக்காக நடக்கும் நடை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 ஜனவரியில் எஸ்டி பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டதால், பழைய மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை வைத்திருப்பவர்கள் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும். 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் வந்த ஏழு சமூகத்தினருக்கும் இதே அறிவுரை: இளங்கலைச் சேர்க்கையில் ஒரு பெயர், முனைவர் பட்டப் பதிவில் இன்னொரு பெயர் என்று இருந்தால், இரண்டும் ஒன்றே என்பதற்கான ஆதாரத்தைக் கையோடு வைத்திருங்கள்.

ஓபிசி மாணவர்களுக்கு மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் போதாது. ஒன்றிய அரசுப் படிவத்தில், வளமான பிரிவை (கிரீமி லேயர்) சேராதவர் என்ற சான்றிதழ் வேண்டும். அதற்கான ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல், தந்தை அரசு அலுவலகத்தில் கீழ்நிலைப் பணியாளர் என்பதாலேயே தமக்குத் தகுதி இல்லை என்று ஒதுங்கியவர்கள் உண்டு.

நெட் தேர்வு: தமிழ்வழி மாணவருக்குச் சில சொற்கள்

யுஜிசி நெட் ஆண்டுக்கு இரு முறை, ஜூன், டிசம்பர் சுழற்சிகளில் நடக்கிறது. முதல் தாளில் 50 வினாக்கள், 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 100 வினாக்கள், 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் ஒரு வினாவையும் விடாதீர்கள். முதுகலையில் எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்கு 50 விழுக்காடு போதும். ஜேஆர்எஃப் பெறுவதற்கான 30 வயது வரம்பில் இப்பிரிவினருக்கும் பெண்களுக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே இல்லை. 2024 ஜூன் சுழற்சி முதல் தேர்ச்சி மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறது: ஜேஆர்எஃப்புடன் உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியுடன் முனைவர் பட்டச் சேர்க்கை, முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும். விண்ணப்பிக்கும்போது தயங்காமல் முதல் வகையையே கேளுங்கள். முடியாது என்று நாமே முடிவுகட்டிக் கீழே இறங்குவது நம் பிள்ளைகளுக்குப் பழகிப்போன குணம்.

முதல் தாள்தான் தமிழ்வழியில் படித்தவர்களை வீழ்த்துகிறது. அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ் இலக்கியம் படித்த மாணவருக்கும் விதிவிலக்கு இல்லை. ஆனால் அது அறிவைச் சோதிப்பதைவிடப் பழக்கத்தைச் சோதிக்கும் தாள். பத்து அலகுகள், அலகுக்கு ஐந்து வினாக்கள் என்ற வீதத்தில் அமைவதால், கணிதத் திறன், தரவு விளக்கம் என்ற இரண்டு அலகுகளைப் பார்த்து மிரண்டாலும் மீதி எட்டு அலகுகள் கையில் இருக்கின்றன. ஏரண (தர்க்க) அலகில் வரும் இந்திய அளவையியலைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி என்று ஆங்கில எழுத்தில் பார்த்தால் அந்நியமாகத்தான் தெரியும். மணிமேகலையின் 27ஆம் காதையில் காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி என்று அளவைகளைப் படித்த தமிழ் மாணவர் அந்தப் பகுதியை ஏற்கெனவே பாதி முடித்துவிட்டார். அதைச் சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான். பழைய வினாத்தாள்களை ஆங்கிலத்திலேயே, நேரம் வைத்து, குறைந்தது பதினைந்து முறையாவது எழுதிப் பாருங்கள். கணினித் திரையில் எழுதிப் பழகுவதும் அதில் அடக்கம்.

விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். கணினி மையத்தில்தான் செய்ய வேண்டும் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்லுங்கள். எஸ்சி, ஓபிசி உதவித்தொகைக்கான விருப்பம் கேட்கும் இடம், பாடக் குறியீடு, சான்றிதழ் எண், கைபேசி எண் ஆகிய நான்கையும் இரண்டு முறை பாருங்கள். மையத்துக்காரரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கவே கூடாது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான கடிதங்கள் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வரும்.

எங்கே பதிவு செய்வது, யாரிடம் பதிவு செய்வது

தேர்வான கடிதத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் முனைவர் பட்டப் பதிவை முடிக்காவிட்டால் இடம் போய்விடும். 2022ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. எனவே முடிவு வருவதற்கு முன்பே, விருப்பமான துறைகளில் யாரிடம் இடம் காலியாகிறது என்று விசாரித்து வையுங்கள். நிறுவனம் பல்கலைக்கழக மானியக் குழுவால் அங்கீகரிக்கப்பட்டதா, இந்த உதவித்தொகைக்கு ஏற்றதா என்பதையும் சேரும் முன் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். பகுதிநேரப் பதிவுக்கு இந்த உதவித்தொகை கிடையாது.

நெறியாளரைத் தேர்வதில் என் கருத்து சற்றுக் கறாரானது. பெயர்பெற்றவர் என்பதைவிட, அவரிடம் பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் ஆய்வேட்டை ஒப்படைத்தார்கள் என்பதைப் பாருங்கள். துறை நூலகத்தில் ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் போய், கடந்த பத்தாண்டு ஏடுகளின் முதல் பக்கங்களைப் புரட்டினால் ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். உதவித்தொகை ஐந்து ஆண்டு. விதிப்படி, மறுபதிவு செய்து நீட்டிக்காவிட்டால், பட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு. ஏழாம் ஆண்டில் முடிக்கவைக்கும் நெறியாளர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும், கடைசி இரண்டு ஆண்டை நீங்கள் எதை வைத்து ஓட்டுவீர்கள்?

பணம் எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது முதல் தொகை கைக்கு வர ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. கோப்பு ஓர் அலுவலகத்தின் மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்கே மூன்று மாதம். விடுதி உணவகக் கணக்கை மாதந்தோறும் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சியது இன்றும் நினைவிருக்கிறது. இப்போது எல்லாம் இணையவழி. ஆனாலும் முதல் ஆறு மாதங்களுக்குப் பணம் வராது என்று எண்ணியே திட்டமிடுங்கள். பிறகு நிலுவையோடு மொத்தமாக வரும். அந்த ஆறு மாதத்துக்கு விடுதிக் கட்டணம், உணவு, பயணம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, வட்டிக்குக் கடன் வாங்காமல் எப்படிச் சமாளிப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. நிலுவை வந்ததும் முதல் வேலையாக அடுத்த இடைவெளிக்கு நான்கு மாதச் செலவை ஒதுக்கி வையுங்கள். இடைவெளி கட்டாயம் இன்னொரு முறை வரும்.

2022 அக்டோபர் முதல் எஸ்சி உதவித்தொகையை வழங்கும் பொறுப்பு தேசியப் பட்டியல் சாதியினர் நிதி மற்றும் வளர்ச்சிக் கழகத்திடமும், ஓபிசி உதவித்தொகையின் பொறுப்பு அதற்கு இணையான பிற்படுத்தப்பட்டோர் கழகத்திடமும் உள்ளது. நடைமுறை இதுதான்: மாணவரின் விவரத்தையும், அந்த மாதம் அவர் ஆய்வில் இருந்தார் என்ற உறுதியையும் பல்கலைக்கழகத்தில் 'மேக்கர்' எனப்படும் ஊழியர் வங்கியின் உதவித்தொகைத் தளத்தில் பதிவேற்ற வேண்டும், 'செக்கர்' எனப்படும் மேலலுவலர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். மாணவருக்கு அந்தத் தளத்தில் தாமே எதையும் பதிவேற்ற வழியில்லை. ஆகவே டில்லியில் பணம் நிற்கிறது என்று நாம் திட்டிக்கொண்டிருக்கும் பல நேரங்களில், அது நம் வளாகத்தின் மூன்றாவது மாடியில் நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் மேக்கராக இருந்தவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார்; புதியவருக்குக் கடவுச்சொல்லே வரவில்லை. பதினோரு மாணவர்கள் நான்கு மாதம் பணமின்றி இருந்தார்கள். யாரும் கெட்டவர் இல்லை; அது யாருடைய வேலை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த இருவர் யார் என்று கண்டுபிடித்து, நேரில் போய் அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் நெறியாளர், துறைத்தலைவர் கையொப்பமிட்ட வருகைச் சான்றைக் கொடுத்து, நகலில் தேதியுடன் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குங்கள். அந்த ஒப்பத்தின் மதிப்பு, ஒரு நாள் அந்தத் தாள் காணவில்லை என்று சொல்லப்படும்போது தெரியும்.

வீட்டு வாடகைப்படி நகரத்தின் வகையைப் பொறுத்தது; சென்னைக்கு உயர்ந்த விகிதம், கோவை, மதுரை, திருச்சி, சேலம் போன்றவற்றுக்கு அதற்கு அடுத்தது, மற்ற ஊர்களுக்குக் குறைந்தது. விடுதியில் தங்குபவருக்கு இது இல்லை. விடுதியில் இடம் இல்லாததால் வெளியே தங்குகிறீர்கள் என்றால், விடுதிக் காப்பாளரிடம் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதர செலவினத் தொகை, அதாவது எல்லாரும் கன்டின்ஜென்சி என்று சொல்லும் பணம், நூல், களப்பணி, கருத்தரங்குப் பயணம் போன்றவற்றுக்கானது. ரசீது இல்லாமல் எதுவும் பெயராது. களப்பணிக்கு மலைக்கிராமத்துக்கு ஜீப்பில் போனால்கூட ஓட்டுநரிடம் ஒரு துண்டுத்தாளிலாவது தேதி, தொகை, கையொப்பம் வாங்குங்கள்.

பணம் நின்றுபோனால் படிப்படியாகப் போங்கள். முதலில் பல்கலைக்கழகப் பொறுப்பு அலுவலருக்கு மின்னஞ்சல். ஒரு வாரத்துக்குப் பின் பதிவாளருக்கு. அதன்பின் ஒன்றிய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், என் கோப்பு எந்த நிலையில், யாரிடம், எந்தத் தேதியிலிருந்து உள்ளது என்ற மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். காரணம் கேட்டால் கட்டுரை வரும்; தேதி கேட்டால் கோப்பு நகரும். சாதிப் பாகுபாடு இருப்பதாக உறுதியாகத் தெரிந்தால், சென்னையிலும் அலுவலகம் வைத்திருக்கும் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கு எழுதலாம். இவை எல்லாவற்றையும் தனியாகச் செய்யாமல், பாதிக்கப்பட்ட அனைவரும் சேர்ந்து கையொப்பமிட்டுச் செய்தால், தனி ஒருவர் மேல் எவரும் கோபம் வைக்க முடியாது.

இரண்டாம் ஆண்டின் முடிவு

இரண்டு ஆண்டு முடிந்ததும் எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஆய்வாளர் நிலைக்கு உயர மூவர் குழு உங்கள் பணியை மதிப்பிடும். குழு கூடுவதற்குத் துறையில் தாமதமானால் உயர்த்தப்பட்ட தொகையும் தாமதமாகும் என்பதால், இருபத்திரண்டாம் மாதத்திலேயே நெறியாளரிடம் நினைவூட்டி, வெளியிலிருந்து வரும் வல்லுநரின் தேதியைக் கேட்டு வையுங்கள். பணி போதாது என்று குழு கருதினால் இன்னும் ஓராண்டு பழைய நிலையிலேயே தொடர விடுவார்கள். அடுத்த மதிப்பீட்டிலும் அப்படியே என்றால் உதவித்தொகை நின்றுவிடும். அந்த அறைக்குள் போகும்போது ஓர் இயலாவது முழுமையாக எழுதப்பட்டு, தட்டச்சில் இருக்க வேண்டும். தரவு சேகரித்துக்கொண்டிருக்கிறேன் என்ற வாக்கியத்தை எல்லா வல்லுநர்களும் நூறு முறை கேட்டிருக்கிறார்கள்.

இக்காலத்தில் வேறு ஊதியம் வாங்கக் கூடாது. மாலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக ரகசியமாகப் போய்வருவது, பிடிபட்டால் வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லும் அளவுக்குப் போகலாம். ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. கல்லூரிக் கோடை விடுமுறை உங்களுக்குப் பொருந்தாது. மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு என்பதைப் பெண் ஆய்வாளர்கள் அறிந்திருக்க வேண்டும். கருவுற்றதும் பதிவை விட்டுவிடும்படி வீட்டில் சொல்வார்கள். அப்போது இந்த விதியை எடுத்துக் காட்டுங்கள்.

ஐந்து ஆண்டும் வேலைக்கான தயாரிப்பு

உதவித்தொகையின் நோக்கம் பட்டம் அல்ல, பணி. 1913இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுக்குத் தந்த உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கர், 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். இடையில், உதவித்தொகைக்கு ஈடாகப் பணிபுரியப் பரோடா சென்றபோது, தங்க ஒரு வீடுகூட அவருக்கு அங்கே கிடைக்கவில்லை. பணம் மட்டும் ஒருவரை ஆசிரியர் அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாது என்பது அன்றிலிருந்தே தெரிந்த செய்தி.

முனைவர் பட்ட விதிமுறை, முழுநேர ஆய்வாளருக்கு வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை கற்பித்தல் துணைப்பணி தர அனுமதிக்கிறது. அதைச் சுமையாக எண்ணாமல் நீங்களே கேட்டு வாங்குங்கள்; எந்தத் தாள், எந்தப் பருவம், எத்தனை மணி நேரம் என்று துறைத்தலைவரிடம் சான்றாக வாங்கி வையுங்கள். கட்டுரை வெளியிடுவது பட்டத்துக்கு இப்போது கட்டாயமில்லை. ஆனால் நேர்காணலில் அதற்கான இடம் அப்படியேதான் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களில் ஐந்து கட்டுரை போடுவதைவிட, மதிப்பான இதழில் இரண்டு போதும்.

2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், மாநில அளவிலான செட் போன்ற தகுதித் தேர்வே அடிப்படைத் தகுதி. முனைவர் பட்டம் கூடுதல் வலு. எஸ்டி உதவித்தொகையில் நெட் எழுதாமல் உள்ளே வந்தவர்கள், ஆய்வின் நடுவிலேயே அதை எழுதி முடித்துவிட வேண்டும். ஒன்றியப் பல்கலைக்கழகங்களில், துறைவாரியாகக் கணக்கிட்டதால் காணாமல்போன இடஒதுக்கீட்டுப் பணியிடங்களை, 2019ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகத்தையே ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட வைத்தது. அங்கே வரும் பின்னடைவுப் பணியிட (நிரப்பப்படாமல் தேங்கிய இடஒதுக்கீட்டு இடங்கள்) அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிப் பணி ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக வருகிறது. எஸ்சி 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு என்பதால், அச்சமூகத்தினர் சான்றிதழில் அது தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள். ஐந்து ஆண்டு முடியாவிட்டாலும் அந்த நாளோடு உதவித்தொகை நின்றுவிடும். வாய்மொழித் தேர்வு நடந்து பட்டம் கைக்கு வர அதன்பின் ஆறு மாதமோ ஓராண்டோ ஆகலாம். ஒப்படைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, வரவேண்டிய மாதத் தொகை, வாடகைப்படி நிலுவை, கன்டின்ஜென்சி பாக்கி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மேக்கரிடம் கொடுத்துப் பதிவேற்றச் சொல்லுங்கள். ஒப்படைத்து நிலுவையில்லாச் சான்று வாங்கிவிட்டால், அந்த மூன்றாவது மாடியில் உங்கள் கோப்பைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது.